சாக்பீஸ் அழிந்த பீப்பாய்கள்

பிரைஸின் அக்கா வருகிறாள் என்று அவன் மனைவி இரியா காலையிலேயே ஒயின் நிலவறையைக் கழுவிவிட்டிருந்தாள். தரையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பீப்பாய்களையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டாள். எந்தத் தோட்டத்து ஒயின் எதில் என்று தெரிய 'மேல்சரிவு', 'கீழ்ச்சரிவு' என்று பிரைஸ் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தது தண்ணீரோடு போய்விட்டது. இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமென்றால், தரையைச் செப்பனிடப் போன வாரம்தான் எல்லாவற்றையும் உருட்டி மாற்றியிருந்தான்.

சின்ன வயதுதான். ஆனாலும் அந்தப் பள்ளத்தாக்கில் அவனளவு சிவப்பு ஒயின் செய்யத் தெரிந்தவர் இல்லை என்று மாட்ரிட்டிலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். திராட்சையைக் காம்போடு தொட்டியில் போட்டுக் காலால் மிதிப்பான். அதன்பிறகு எதையும் சேர்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். ஒரு சரிவின் சாறு இன்னொன்றோடு சேரக்கூடாது என்பதில் மட்டும் அவனுக்கு வெறி. கலந்து ஊற்றும் அக்கம்பக்கத்தாரை 'சூப்பு வைக்கிறவங்க' என்று கேலி பேசிப் பாதி ஊரைப் பகைத்துக்கொண்டிருந்தான்.

மேல்சரிவு நிலம் அக்கா, தம்பி இருவர் பேரிலும் இருந்தது. அங்கிருந்து ஆறு அழகாகத் தெரியும் என்று விடுதி கட்டுகிற ஒருவர் அதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரென்சே நகரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா சபேலா, விற்றுவிடலாம் என்றாள். "அந்த ஒயின் வேற, இந்த ஒயின் வேறக்கா. வந்து குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் சொல்லு" என்று வீராப்பாகக் கூப்பிட்டவன் இவன்தான்.

அவள் வருவதற்குள் குடித்துப் பார்த்தான். இடது பீப்பாயில், மேல்சரிவின் பாறை மண்ணுக்கே உரிய கல் வாசனை. அப்பாடா என்றிருந்தது. வலதிலும் கல் வாசனை. மறுபடி இடதுக்குப் போனால் அவன் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் வாசனை மட்டும்தான். அவனுக்கு வேர்த்தது. இத்தனை நாளும் நாக்கால் ருசித்தானா, சாக்பீஸ் எழுத்தைப் படித்து ருசித்தானா?

கையில் கேக் பொட்டலத்தோடு சபேலா இறங்கி வந்தாள்.

"என்னடா, மூஞ்சி வெளிறிக் கெடக்கு? காலையிலேர்ந்து இதையேதான் ஊத்திக்கிட்டிருக்கியா?"

"வாக்கா" என்றவன் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுத்து இருவருக்கும் ஊற்றினான். முதலில் இடது. பிறகு வலது.

கோப்பையைக் கீழே வைத்தாள். "இதான் மேல்சரிவு. விக்க வேணாம்டா. அந்த ஆளுக்கு நானே சொல்லிடுறேன்."

அவன் குதித்திருக்க வேண்டும். அதற்குப் பதில் குழாயைக் கீழே வைத்தான்.

"அக்கா, ஒரு நிமிஷம். இரியா எழுத்தை அழிச்சுட்டா. எது எதுன்னு எனக்கே தெரியல."

"உனக்குத் தெரியலன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எப்படி இதான்னு சொன்னே?"

"எனக்கு ஒயினும் ஒண்ணுதான், இருமல் மருந்தும் ஒண்ணுதான். நான் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். சின்னப்புள்ளையில சந்தையில தொலைஞ்சு போய் நின்னியே, நீ ரெண்டாவதைக் குடிச்சப்ப அதே மூஞ்சி. அதைப் பாத்துட்டு என்னால விக்கக் கையெழுத்துப் போட முடியாது."

"அது குழப்பத்துல வந்த மூஞ்சிக்கா! ரெண்டும் ஒண்ணுதான்னா, அப்புறம் எதுக்கு அந்த நிலம்?"

"அது உன் தலைவலி."

சுவரோரம் கிடந்த சாக்பீஸை எடுத்து, வலது பீப்பாயின் மேல் கோணல்மாணலாக 'மேல்சரிவு' என்று எழுதினாள். பிறகு கேக் வெட்ட இரியாவைத் தேடி மேலே போய்விட்டாள்.

பிரைஸ் ஈரத்துணியை எடுத்தான். நிச்சயமில்லாததை எழுதி வைப்பதா? துடைப்பதற்கு முன் அந்தப் பீப்பாயிலிருந்து கடைசியாக ஒரு வாய் குடித்தான்.

கல் வாசனை. சந்தேகமேயில்லாமல் கல் வாசனை. அது ஒயினிலிருந்து வருகிறதா, அக்காவின் எழுத்திலிருந்து வருகிறதா என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. துடைக்காமலே துணியை வாளியில் போட்டுவிட்டு மேலே போனான்.