செவ்வந்தியின் கால்தடம்

இராஜாங்கம் ஐந்து மணிக்கு எழுந்து, பல் துலக்கி, டீ போட்டுக் குடித்துவிட்டு, மண்வெட்டியோடு வயலுக்குப் போய், இறந்து மூன்று வருஷமான மனைவி செவ்வந்தியின் கால்தடங்களைச் சேற்றில் நிரவிவிட்டு வருவான். நிரவாவிட்டால் பள்ளத்தில் தண்ணீர் நின்று பயிர் அழுகும். மற்றபடி தொந்தரவு இல்லை.

உயிரோடு இருந்த கடைசி மாதங்களில் அவளுக்குத் தடமே விழவில்லை. வைகாசியில் கல்யாணம். பேராவூரணியில் அப்பாவின் ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கி, சான்றிதழோடு வந்தாள். புதுசாக வீட்டுக்கு வரும் எதற்கும் மஞ்சள் தடவுவது இராஜாங்கத்தின் அம்மா நீலாம்பாளுக்கு வழக்கம். சான்றிதழுக்கும் நாலு மூலையில் தடவினாள். நாலாவது மூலையில் முத்திரை இருந்தது. புகுந்த வீட்டுக் கார்டில் பெயர் சேர்க்கப் போனால், வட்ட அலுவலகத்தில் முத்திரை அழிந்திருக்கிறது, வேறு வாங்கி வா என்றார்கள். பேராவூரணியில், "ஒரு தடவ நீக்குன பேர மறுபடி எப்படிப்பா நீக்குறது?" என்று கேட்டார்கள். இராஜாங்கம் பி.ஏ. படித்தவன். பதினொரு மனு எழுதினான்.

எந்தக் கார்டிலும் இல்லாமல் போனதும் செவ்வந்தியின் எடை போய்விட்டது. நடவில் மற்ற பெண்கள் முழங்கால் வரை இறங்க, அவள் சேற்றின் மேல் நின்றாள். "படிச்சவன் பொண்டாட்டின்னா சேறுகூட ஒட்டாதாடி?" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கர்ப்பிணிகளுக்கான மாதாந்திர முகாமில் கிராம நர்ஸ் ஹமீதா பானு அவளை எடை மெஷினில் ஏற்றினார். முள் அசையவில்லை. மெஷினைத் தட்டி, தானே ஏறிப் பார்த்தார். அறுபத்திரண்டு. "மெஷின் நல்லாத்தான் இருக்கு. எடை இல்லாம எப்படிம்மா பதியிறது?" பதியாததால் சத்துமாவு இல்லை, மாத்திரை இல்லை. தன் பையிலிருந்து ஹமீதா பானு இரண்டு அட்டை மாத்திரை கொடுத்தார். அது இருபது நாள் வந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்த மூன்று மா நிலமும் அப்போது பழைய பண்ணையார் போட்ட வழக்கில் தரிசாகக் கிடந்தது. வீட்டில் இரண்டு பேர் அரிசியை மூன்று பேர் சாப்பிட்டார்கள். கடைசியில் சாப்பிட்டது செவ்வந்தி.

மார்கழியில், ஏழாம் மாதத்தில், அவளும் வயிற்றுப் பிள்ளையும் போனார்கள். பதினாறாம் நாள் காரியத்தன்று மூன்று பெயரோடு கார்டு வந்தது. நீலாம்பாள் அதற்கு மஞ்சள் தடவவில்லை. மறுநாள் காலை, மழை நின்ற தரிசு வயலில் முதல் தடம் விழுந்திருந்தது.

கார்டிலிருந்து அவள் பெயரை நீக்க ஓர் ஆய்வாளர் வந்தார். இராஜாங்கம் வயலைக் காட்டினான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தடத்தில் கால் வைத்தார். கெண்டைக்கால் வரை இறங்கியது. "ஆள் இருக்காங்க" என்று எழுதிக்கொண்டு, வாய்க்காலில் காலைக் கழுவிவிட்டுப் போனார். பிறகு நில வழக்கும் தீர்ந்தது. அரிசி மாதாமாதம் வருகிறது. செவ்வந்தியின் பங்கை ஹமீதா பானு வாங்கிப் போய், பிறந்த வீட்டுக் கார்டுக்கும் புகுந்த வீட்டுக் கார்டுக்கும் நடுவில் நிற்கும் கர்ப்பிணி யாருக்காவது கொடுப்பார். அந்தப் பெண்கள் ஏறினால் முள் அசைகிறது. ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

இன்று தடங்கள் நேற்றைவிட ஆழம். இராஜாங்கம் நிரவி முடித்து வரப்பில் உட்கார்ந்தான். அந்த மார்கழியில் இந்த வரப்பில்தான் பஸ் ரோட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கையில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. காற்று கொண்டுபோய்விடுமோ என்று இறுக்கிப் பிடித்தான். பாதி வழியில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"ரொம்பக் கனக்குறேனாங்க? எறக்கி விடுங்க, நடந்துக்குறேன்."