எறும்புக்கடி

பல் ஆஸ்பத்திரியில் அவளுக்கு எறும்புக்கா என்றுதான் பெயர். ஊசியைக் கண்டு நடுங்குகிறவர்களிடம், "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பெயர். டாக்டர் பல்லைப் பிடுங்குவார். பயத்தைப் பிடுங்குவது நர்ஸான இவள் பொறுப்பு.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவளுடைய கடைவாய்ப்பல் ஒன்று ஈறுக்குள் குறுக்கே படுத்துக்கொண்டு கன்னத்தை வீங்க வைத்தது. கீறித்தான் எடுக்க வேண்டும். நாள் குறிப்பதும் சாக்குச் சொல்லி நழுவுவதுமாக இருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம் என்றால், தகராறே பல்லோடுதான்.

"இன்னைக்கும் ஓடி வந்தீன்னா வேலையை விட்டுடு. ஊருக்கெல்லாம் தைரியம் சொல்ற மூஞ்சியா இது?" என்றான் கணவன், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும்போது.

கேலிதான். ஆனாலும் தைத்தது. இன்று ஓடினால் நாளை எந்த முகத்தோடு இன்னொருவரைத் தேற்றுவது? ஒரு கை பார்த்துவிடுவது என்று உள்ளே போனாள். அடுத்து தன் முறைக்காக வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த மீசைக்கார லாரி டிரைவரிடம், பழக்கதோஷம், எறும்புக் கதையைச் சொல்லிவிட்டே போனாள்.

நாற்காலி சாய்ந்தது. தினமும் அவள் திருப்பி வைக்கிற விளக்குதான். கீழே படுத்துப் பார்த்தால் பூதமாகத் தெரிந்தது. டாக்டரம்மா ஊசியோடு குனிந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. எறும்பு கடிச்ச மாதிரிதான்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கால் தானாகவே செருப்பைத் தேடியது. அதை அதட்டி மேலே இழுத்தாள்.

"அது என் கதைம்மா. எனக்கே சொல்லாதீங்க. நிஜமா என்ன ஆகும், அதைச் சொல்லுங்க."

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்தாள். "ஊசி வலிக்கும்க்கா. கொஞ்ச நேரந்தான், ஆனா வலிக்கும். அப்புறம் மரத்துடும். அழுத்துறது தெரியும், கரகரன்னு சத்தம் கேக்கும். முடியலன்னா இடது கையைத் தூக்குங்க. நிறுத்திடுவேன்."

"நிறுத்துவீங்கல்ல?"

"சத்தியமா."

ஊசி வலித்தது. சொன்னபடி வலித்தது, சொன்னபடி மரத்தது. பாதியில் அந்தக் கரகரப்பு மண்டைக்குள் ஏறியபோது கை தூக்கிக்கொண்டது. இயந்திரம் சட்டென்று நின்றது. "இன்னும் கொஞ்சந்தான்" என்று யாரும் கெஞ்சவில்லை. அவளாகவே மூச்சை இழுத்துவிட்டு, அவளாகவே கையை இறக்கினாள். நிறுத்த முடியும் என்று தெரிந்த பிறகு பயத்துக்கு அங்கே என்ன வேலை?

வாய் நிறையப் பஞ்சோடு வெளியே வந்தவளை மீசைக்காரர் மறித்தார்.

"என்னக்கா, எறும்பு கடிச்ச மாதிரிதானே?"

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவள் இல்லை என்று தலையசைத்தாள். மனிதரின் மீசையே தொங்கிப்போனது. அவருடைய இடது கையைப் பிடித்து உயரத் தூக்கிக் காட்டி, பின்னாலேயே கதவருகே வந்து நின்ற டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"ஆமாண்ணே, தூக்கினா உடனே நிறுத்திடுவேன்" என்றாள் டாக்டரம்மா.

அவர் தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே போனார்.

கணவன் வெளியே வண்டியோடு காத்திருந்தான். அவள் போகவில்லை. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தபடி நின்றாள். உள்ளே அந்தப் பெரிய கை மேலே போனது. சத்தம் நின்றது. அது தானாகக் கீழே இறங்கும்வரை அங்கேயே நின்றாள்.