இல்லாத ஊருக்கு ஒரு மாற்றல்

1

இந்தக் கதை என் தங்கையின் வாய்த்துடுக்கில் பிறந்தது. சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கிறவள். எண்ணாமல் அவளால் மாடிப்படிகூட ஏற முடியாது. என் கடைசிப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பாராட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அண்ணா, உன் புத்தகத்துல மொத்தம் நாப்பது பேர். பன்னெண்டு பேர் செத்துப்போறாங்க. துப்பறியும் கதை எழுதுறாரே உன் சிநேகிதர், அவர் புத்தகத்துலயும் நாப்பது பேர்தான். அவர்கூட ஆறு பேரோட விட்டுட்டார்."

எனக்குச் சுருக்கென்றது. "என் ஆளுங்க பாதிப்பேர் எழுபதைத் தாண்டினவங்க. அவர் ஆளுங்க முக்காவாசி காலேஜ் பசங்க. ரெண்டையும் எப்படி ஒண்ணா வெச்சுப் பார்க்கறது?"

அவள் கைதட்டினாள். "இதையேதான் பத்து நாளா எங்க ஆபீஸ்ல தொண்டை வத்தக் கத்திட்டிருக்கேன்!"

2

மேட்டு நகர ஆஸ்பத்திரியின் மீது மரணத்தின் கரிய நிழல் படர்ந்த அந்த

(வேண்டாம். தங்கை சிரிப்பாள்.)

நேராகவே சொல்கிறேன். மேட்டு நகரம், துறைமுக நகரம் இரண்டிலும் பத்தாயிரம் பேர். போன வருடம் மேட்டு நகரத்தில் நூற்று எழுபத்திரண்டு பேர் இறந்தார்கள், துறைமுகத்தில் எண்பத்தாறு பேர். சரியாக இரண்டு மடங்கு. தங்கையின் அலுவலகத்துப் பெரிய அதிகாரிக்கு இது போதும். மேட்டு நகர ஆஸ்பத்திரியை இருபத்திரண்டு வருடமாகத் தாங்கிப்பிடித்த தலைமை நர்ஸுக்கு மாற்றல் உத்தரவு தயார். கையெழுத்து மட்டும் பாக்கி.

[இங்கே தலைமை நர்ஸுக்கு லேசாக ஒரு நெஞ்சுவலி கொடுத்திருந்தேன். தங்கை பென்சிலால் அடித்துவிட்டாள்.]

3

தங்கை அதிகாரியின் அறைக்குள் போனபோது, தலைமை நர்ஸ் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"சார், மேட்டு நகரத்துல அறுபதைத் தாண்டினவங்க நாலாயிரம் பேர். துறைமுகத்துல ஆயிரமே பேர். வயசானவங்களை மட்டும் பாருங்க. ஆயிரத்துக்கு மேட்டு நகரத்துல நாப்பது பேர் போறாங்க, துறைமுகத்துல அம்பது. சின்ன வயசுக்காரங்கள்ல இங்க ரெண்டு, அங்க நாலு."

"மொத்தத்துல இங்கதானேம்மா அதிகம்?"

"ரெண்டு ஊரையும் கலந்து சராசரியா ஒரு ஊர் இருக்குன்னு வெச்சுக்குவோம். பத்தாயிரத்துல ரெண்டாயிரத்து ஐந்நூறு பேர் வயசானவங்க. மேட்டு நகர விகிதப்படி அங்க நூத்திப் பதினஞ்சு பேர் போவாங்க. துறைமுக விகிதப்படி நூத்தி அம்பத்தஞ்சு."

"அந்த ஊர் எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல சார்."

"இல்லாத ஊரை வெச்சு இருக்கிற ஊரைப் பத்திப் பேசறீங்களா? என்னம்மா, கதை விடறீங்க?"

(தங்கை இதைச் சொல்லக் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருடமாக என் பிழைப்பே அதுதான்.)

தலைமை நர்ஸ் எழுந்து நின்றார். "எங்க ஊர்ல நிறையப் பேர் சாகறாங்க சார், வாஸ்தவம்தான். ஆனா சாகற வயசு வரைக்கும் அவங்களை உயிரோட வெச்சிருந்தது யாரு?"

அதிகாரி பேனாவை மூடினார். "நாளைக்குப் பார்ப்போம்."

4

முடிவு அ: அதிகாரி மனம் மாறி உத்தரவைக் கிழித்துப் போடுகிறார். வாயில் சர்க்கரையைக் கொட்டியது மாதிரி இருக்கிறது.

முடிவு ஆ: கையெழுத்துப் போட்டுவிடுகிறார். எழுத எனக்கே மனசு வரவில்லை.

முடிவு இ: வெளியே வந்த தலைமை நர்ஸ் தெருவைக் கடக்கும்போது ஒரு லாரி

"அண்ணா!"

தங்கை தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். "உன் புத்தகத்துக்கும் வயசைச் சமன் பண்ணிப் பார்த்துட்டேன். அப்பவும் உனக்குப் பதினொண்ணு, அவருக்கு ஏழு. கிழவங்களை விடு. முப்பதுகூட ஆகாத நாலு பேரை, முடிவு கிடைக்கலைன்னு நீயா லாரியில ஏத்திக் கொன்னிருக்கே."

வெட்கமாக இருந்தது. லாரியை அடித்தேன்.

அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்த அன்று, பஸ் ஏறும்போது தலைமை நர்ஸ் தங்கையிடம் ஒன்று கேட்டாராம். "அந்த இல்லாத ஊர்ல ஆஸ்பத்திரி இருக்காம்மா? இருந்தா என்னை அங்கயே மாத்திடச் சொல்லு. அங்கயாவது நான் நல்ல நர்ஸ்."

தங்கை சிரித்திருக்கிறாள். பஸ் போன பிறகுதான் அழுகை வந்ததாம்.

இன்னும் நாளை வரவில்லை. மேசையில் உத்தரவு இருக்கிறது, பேனா மூடியிருக்கிறது. இத்தனை நேரம் கணக்கைக் கேட்டவர் நீங்கள். அதிகாரியின் நாற்காலியில் வந்து உட்காருங்கள்.