இறங்கி வந்த செல்லோ

மூன்று மாதம் பாடக் கூடாது, பேசவும் கூடாது என்று தொண்டை மருத்துவர் அவளிடம் சொல்லிவிட்டார். நல்லவேளை, அதற்கு முன்பே அவள் குரல்களைப் பதிவு செய்து முடித்திருந்தாள். எதிரொலி விழாமலிருக்கத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பாடி அடுக்கியவை. அத்தனையும் அவள் குரல்தான். இனி செல்லோ மட்டும் சேர வேண்டும். முழுப் பாட்டு நாளைக்குள் போய்ச் சேர்ந்தால், ஒரு கம்பெனி அதை வெளியிடும். அவளுடைய முதல் பாட்டு.

பெரிய வயலின் போலிருக்கும் அந்தச் செல்லோவை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி உட்கார்ந்திருந்தவள் அண்ணி. பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுப்பவள். பதிவு செய்வது அண்ணன்.

தொடக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாதியில் செல்லோவும் குரலும் உரசின. முடிவில் பல் கூசியது. அண்ணி கம்பியிலிருந்து வில்லை எடுத்துவிட்டாள்.

"ஏம்மா, எதைக் கேட்டுப் பாடின?"

அவள் தன்னையே காட்டினாள். எந்தக் கருவியும் இல்லாமல் முதல் குரலைப் பாடிவிட்டு, அதைக் கேட்டே மற்றவற்றைப் பாடியிருந்தாள். முதல் குரல் போகப் போகச் சுருதி இறங்கியிருந்தது. மற்றவையும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கியிருந்தன.

"கூட்டமாப் போய்க் கிணத்துல விழுந்திருக்க," என்றான் அண்ணன்.

கணினியில் குரல்களின் சுருதியை ஏற்றிச் சரிசெய்து காட்டினான். சுருதி சேர்ந்தது. ஆனால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணி அதைப் பார்த்தாள். "அதை எடுத்துடுங்க. நானே இறங்கி வரேன்."

செல்லோவில் விரலை எங்கே வைத்து அழுத்தினாலும் ஒரு ஸ்வரம் உண்டு. குரலோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கலாம்; விரல் வைக்காமல் வெறும் கம்பியை வாசிப்பதை மட்டும் தவிர்த்தால் போதும், அதன் சுருதி இறங்காது. சொல்வது சுலபம். மயிரிழை விலகினாலும் மாணவர்களைப் பாதியில் நிறுத்துகிறவள் அண்ணி. அவளுடைய விரல் பழக்கத்தில் சரியான இடத்துக்கே ஏறிக்கொண்டிருந்தது. மறுபடி, மறுபடி. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சோறு வேண்டுமே.

கடைசியில் அவள் அண்ணிக்கு எதிரே போய் நின்று உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டினாள். குரல்கள் இறங்க இறங்கக் கையும் இறங்கியது. அண்ணி அந்தக் கையையே பார்த்து வாசித்தாள். முடிவில் எது வில், எது குரல் என்று அண்ணனுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அண்ணி வில்லைத் தளர்த்தினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் வாசிச்சேன்னு வெளிய சொல்லிடாத. என் ஸ்கூல் பசங்க கேட்டா மானம் போயிடும்."

அவள் கைபேசியில் தட்டி நீட்டினாள். 'உங்க பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன் அண்ணி.'

அண்ணி படித்துவிட்டு அவள் தோளில் செல்லமாக ஓர் அடி வைத்தாள்.