ஐநூத்தி ரெண்டு

ஒருத்தன் ஆறு மாசம் தினமும் தோக்குறத பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன், சம்பளம் வாங்கிக்கிட்டு பாத்தேன். பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னாடி ஆட்டக்காரங்களுக்குப் பயிற்சிப் பந்து போடுறதுதான் என் வேலை. வலைக்குப் பின்னாடி நின்னு அவங்க அடிக்கத் தோதா, மெதுவா, நேரா போடணும். வெனிசுலாவுல கரோராங்கிற ஊர்லேருந்து வந்து பதினோரு வருஷமா இதத்தான் பண்றேன். என்னை யாருக்கும் தெரியாது. அம்மா போன் பண்ணும்போது மட்டும் எஃப்ராயின்னு என் முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுவா.

டெல் ஹாஸ்கின் ஓக்லஹோமாக்காரன். முப்பத்தி மூணு வயசு. நான் போடுற பந்துல பத்துக்கு எட்டு சுவரத் தாண்டிப் போகும். மூணு மணி நேரம் கழிச்சு ஆட்டத்துல பாத்தா வேற ஆளு. பின்னாடி குந்தியிருக்குற கேட்சர் கையில பந்து போய் விழுந்ததுக்கு அப்புறம்தான் இவன் பேட் சுத்தும். கண்ண டாக்டர்கிட்ட காட்டுனான், நிக்கிற விதத்த மாத்துனான், கனமான பேட்ட விட்டு லேசான பேட் எடுத்தான். ஒண்ணும் நடக்கல. ஜூன்ல ஜனம் திட்டுச்சு. ஜூலைல சிரிச்சுச்சு. ஆகஸ்ட்ல ஒருநாள் எப்படியோ ஒண்ணு அடிச்சுட்டான். இருபதாயிரம் பேரும் எழுந்து நின்னு கைதட்டுனாங்க. அன்னைக்குத்தான் அவன் ஒடஞ்சு போய் உள்ள வந்தான்.

"திட்டுனா பரவால்ல எஃப்ரா. நடக்கப் பழகுற கொழந்தைக்குத் தட்டுற மாதிரி தட்டுறானுங்க."

எங்க ஆட்டத்துல ஒரு விதி இருக்கு. வருஷத்துல ஐநூத்தி ரெண்டு தடவ பேட் புடிச்சு நின்னவன் பேருதான் அடிச்ச சராசரியோட வருஷப் பட்டியல்ல ஏறும். உச்சியில இருந்தாலும் சரி, அடியில இருந்தாலும் சரி, ஒண்ணு கொறஞ்சா பேரு கெடையாது. அதனால ரொம்ப மோசமாப் போறவன அந்த எண்ணுக்கு முன்னாடியே உக்கார வச்சுருவாங்க. மணிக்கட்டு வலின்னு ஒரு சீட்டு எழுதுவாங்க. பேப்பர்காரங்களும் கண்டுக்க மாட்டாங்க. எங்க ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் செய்யுற மரியாதை அது.

சீசனோட கடைசி ஞாயித்துக்கெழம காலைல டெல் நானூத்தித் தொண்ணூத்தெட்டுல இருந்தான். யாரை எறக்குறதுன்னு முடிவு பண்ற மேனேஜர் ஹாலக் ரூமுக்கு அவனக் கூப்பிட்டாரு. பந்துக் கூடையோட நானும் அங்க நின்னேன். என்னை வெளிய போன்னு சொல்லணும்னு யாருக்கும் தோணல.

"மணிக்கட்டு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"வலிக்குதோ என்னமோ."

"வலிக்கல, பெருசு."

ஹாலக் கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாரு. "நாலு தடவ நின்னா பட்டியல்ல ஏறிடுவ. நூறு வருஷத்துல உன் அளவுக்குக் கீழ போனவன் ஒருத்தனும் இல்ல. உன் பொண்ணு நாளைக்கு அதப் படிப்பா."

"படிக்கட்டும். அந்த நாலுல ரெண்டு அடிச்சா நான் கடைசி ஆளு இல்ல."

"அடிக்கலன்னா?"

"நான்தான் கடைசி. ஆனா நின்னேன்ல? தெனமும் போய் நின்னேன்ல? வருஷம் பூரா நான் வீட்ல படுத்துக் கெடந்த மாதிரி ஆக்கிடாதீங்க."

கடைசி வரைக்கும் உன்ன வெளிய எடுக்க மாட்டேன்னு சொல்லி ஹாலக் கை குடுத்தாரு.

ஆட்டம் ஒரு மணிக்கு. ரெண்டு டீமும் எப்பவோ போட்டியில இருந்து வெளிய போயாச்சு. வரிசையில ஒம்பதாவது ஆளா டெல்ல போட்டிருந்தாரு. முதல் தடவ மூணு வீச்சும் காத்துல போச்சு, மூணு தப்புனா அவுட். ரெண்டாவது தடவ எதிராளி நாலு பந்தையும் தள்ளியே போட்டான், இவன் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போனான், அதுவும் ஒரு தடவையாக் கணக்கு. மூணாவது தடவ, ஏழாவது ரவுண்டுல, அடிச்சான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தினமும் என் வலைக்கு முன்னாடி கேக்குற சத்தம். பந்து இடது மூலைக்குப் போய் சுவர்ல மோதுச்சு. ஓடிப் போய்த் தொட்ட ரெண்டாவது பேஸ்ல நின்னுக்கிட்டு அவன் தன் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தான். ஐநூத்தி ஒண்ணு.

இன்னும் ஒண்ணு அடிச்சா தப்பிச்சான். நின்னுட்டு அடிக்காம விட்டா நூறு வருஷத்துக்கும் அவன் பேருதான். நிக்கவே இல்லன்னா ஒண்ணுமே இல்ல.

கடைசி ரவுண்டு. நாங்க ஒரு ரன் பின்னாடி. ரெண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தன் அவுட்டானா ஆட்டம் முடிஞ்சுது, எங்க ஆளு ஒருத்தன் ரெண்டாவது பேஸ்ல நிக்கிறான். அடுத்து யோர்கிஸ், எங்க ஊர்ப் பக்கத்துப் பையன், இருபத்தொண்ணு வயசு. அவனுக்கு அடுத்தது டெல். டெல் ஏற்கெனவே பேட்டோட வெளிய போய், அடுத்த ஆளு காத்து நிக்கிற வட்டத்துல நின்னு சுத்திக்கிட்டு இருந்தான்.

ஹாலக் மைதானத்தப் பாத்துக்கிட்டே எங்கிட்ட பேசுனாரு. "நான் வாக்குக் குடுத்துட்டேன்யா. நீ குடுக்கல. அந்தப் பையன்கிட்ட உங்க பாஷையில சொல்லு. அவனோடயே ஆட்டம் முடிஞ்சிரட்டும்."

முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். ஆனா ஆறு மாசமா அவன் கைய, அவன் மொகத்த நான் பாத்திருக்கேன். போதும்னு இருந்துச்சு. அவனுக்குப் போதுமா எனக்குப் போதுமான்னு இப்ப வரைக்கும் தெரியல.

நாங்க உக்காந்திருக்குற பள்ளத்துலேருந்து யோர்கிஸ் படியேறும்போது கையப் புடிச்சேன். "டெல்லுக்கு வர விடாத."

"என்னண்ணே சொல்றீங்க? ஆளு நிக்கிறான். நான் ஒண்ணு தட்டுனா சமம்."

"தெரியும்."

அவன் வட்டத்துப் பக்கம் திரும்பிப் பாத்துட்டு மெதுவாக் கேட்டான். "அவரே கேட்டாரா?"

"ஆமா"ன்னேன்.

முதல் பந்து தலைக்கு மேல போச்சு, யோர்கிஸ் சுத்துனான். ரெண்டாவது எட்டாத தூரத்துல போச்சு, அதுக்கும் சுத்துனான். ஜனம் கூவுச்சு. டெல் பேட்டக் கீழ எறக்கிட்டு அவனையே பாத்தான். மூணாவது தரையில குத்துச்சு. யோர்கிஸ் கண்ண மூடிக்கிட்டு சுத்துன மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது. ஆனா பந்து கேட்சர் கையில நிக்கல. எகிறி அவன் முதுகுக்குப் பின்னாடி உருண்டு போச்சு. அப்படி ஆச்சுன்னா அவுட் இல்ல, பேட் பண்றவன் ஓடலாம். ஓடி முதல் பேஸத் தொட்டுட்டா ஆட்டம் முடியாது. அடுத்து டெல்தான்.

யோர்கிஸ் ஓடல.

"ஓடுடா!" டெல் கத்துனான். "டேய், பந்து கீழ கெடக்கு! ஓடு! ஓடு!"

பையன் அசையல. டெல்லையே பாத்துக்கிட்டு நின்னான், கண்ணு கலங்கிப் போய். கேட்சர் தடவித் தடவிப் பந்த எடுத்தான். நடந்துதான் வந்தான். வந்து அவன் நெஞ்சுல பந்தத் தொட்டான்.

டெல் அவன்கிட்ட போனான். "ஏன்டா ஓடல?"

"நீங்கதான சொல்லச் சொன்னீங்க?" தெரிஞ்ச கொஞ்சம் இங்கிலீஷுல சொல்லிட்டு யோர்கிஸ் என் பக்கம் திரும்புனான்.

டெல்லும் திரும்புனான். எங்களுக்கு நடுவுல இருபதடி இருக்கும். திட்டுவான்னு நெனச்சேன், அடிப்பான்னு கூட நெனச்சேன். அவன் பேட்ட எடுத்துக்கிட்டு போய் அடிக்கிற எடத்துல நின்னான். எதிர் டீம் கைகுடுத்துக்கிட்டு இருக்கு, ஜனம் எழுந்து போய்க்கிட்டு இருக்கு, பந்து போட ஆளே இல்ல. அவன் காலால மண்ணக் கிளறி எடம் பண்ணிக்கிட்டு, பேட்டத் தோளுக்கு ஒசத்திப் புடிச்சு, பந்து போடுறவன் நிக்கிற, காலியாக் கெடந்த மேட்டப் பாத்துக்கிட்டு நின்னான். மைதானத்து ஆளுங்க தார்ப்பாயோட வந்து பக்கத்துல காத்துக்கிட்டு இருந்தாங்க.

மறுநாள் காலைல பேப்பர்ல பட்டியல் வந்துச்சு. அடியில வேற ஒருத்தன் பேரு, ஆயிரத்துக்கு நூத்தித் தொண்ணூத்தி நாலுங்கிற சராசரியோட. டெல் பேரு எங்கயும் இல்ல. பத்து மணிக்கு கிளப் அவன டீம்லேருந்து விடுவிச்சுட்டதா ஒரு வரி அறிவிப்பு குடுத்துச்சு.