ஆல்வினுக்கு ஒரு கொத்துப் பூ

எவால்டின் அறுபத்தேழாவது பிறந்தநாளுக்கு மகள் ரோஸ்விதா கொடுத்த பரிசு ஒரு பயணம். 1945 ஏப்ரலில், பதினேழு வயதில், ஜெர்மன் சிப்பாயாகத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்வாங்கி நடந்த வழியை ஐம்பது வருடம் கழித்துக் காரில் ஒரு முறை போய்ப் பார்ப்பது. வூர்ட்ஸ்புர்கிலிருந்து தெற்கே, ஊர் ஊராக. வழியில் எர்லன்ரோட்டில் அவருடைய நண்பன் ஆல்வினின் கல்லறைக்கு ஒரு கொத்துப் பூ.

ஆல்வின் கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். கிறிஸ்துமஸ் அன்று வாத்துக்கறி முடிந்ததும் அதை ஆரம்பித்துவிடுவார். திறந்த சாலை, தாழப் பறந்து வந்த அமெரிக்க விமானம், வயலில் சரிந்த ஆல்வின், அவனை முதுகில் சுமந்துகொண்டு ஊர் வரைக்கும் ஓடியது, பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ரோஸ்விதா பள்ளியில் வரலாற்று ஆசிரியை. வீட்டுப் பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள், விடாமல் கேளுங்கள் என்று மாணவர்களை விரட்டுகிறவள். தன் வீட்டில் அந்தப் பாடே இல்லை, அப்பா தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பதில் அவளுக்குப் பெருமை. பெருமை என்ன, கர்வமே.

பயணத்துக்கு அவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. முழங்கால் வலி, மழை, தோட்டவேலை என்று சாக்குச் சொன்னார். பிறகு ஒரு நாள் அவரே போன் செய்தார்.

"போலாம்மா. ஆனா பூவெல்லாம் வீண். இருபத்தஞ்சு வருஷமானா கல்லைப் பேத்துட்டு வேற ஆளைப் புதைச்சிருப்பான். எங்கப்பாவுக்கே அப்படித்தானே ஆச்சு?"

அது உண்மைதான். ஜெர்மனியில் செத்தவர்களும் குத்தகைக்காரர்கள்தான். தவணை முடிந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அப்பா வருகிறாரே, அதுவே போதும் என்று ரோஸ்விதா பூவையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

காலையில் நல்ல உற்சாகமாகத்தான் இருந்தார். மருமகன் டெட்லெஃப் ஓட்ட, முன்சீட்டில் உட்கார்ந்து, இங்கே உருளைக்கிழங்கு திருடினோம், இங்கே ஒரு விவசாயி நாயை ஏவிவிட்டான் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார்.

"ஏன் மாமா, நீங்க சண்டைக்குப் போனீங்களா, திருடப் போனீங்களா?"

"பசிச்சா ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள."

ஓக்ஸன்ஃபுர்ட் தாண்டியதும் பேச்சு குறைந்தது. ரேடியோவை அணைக்கச் சொன்னார். மணி மூன்றாகியும் காபி, கேக் என்று வாய் திறக்கவில்லை. கேக் இல்லாத மூன்று மணியை அவர் வாழ்க்கையில் ரோஸ்விதா பார்த்ததே இல்லை. வெளியே குளிர் காற்று. அவர் பிடரியிலோ வியர்வை வழிந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கு, ஓட்டுகிறவனைப் பார்த்து ஓட்டச் சொல் என்று எரிந்து விழுந்தார்.

எர்லன்ரோட் வந்ததும் வழி கேட்க டெட்லெஃப் வண்டியை ஓரங்கட்டினான்.

"யார்கிட்டயும் கேக்காத. பேக்கரி சந்துல திரும்பு. கோயிலுக்குப் பின்னால."

பேக்கரி இருந்தது. சந்தும் இருந்தது. ரோஸ்விதா முன்சீட்டை எட்டிப் பார்த்தாள். ஊர் எல்லையிலேயே பாதிரியாரிடம் உடலை ஒப்படைத்துவிட்டு, ஊருக்குள் நுழையக்கூட நேரமில்லாமல் நடையைக் கட்டியதாகத்தானே இத்தனை வருடமாகச் சொல்லி வந்தார்?

"இவ்ளோ ஞாபகம் இருக்காப்பா?"

"சின்ன ஊருதானே."

கல்லறைத் தோட்டத்தில் அவர் தேடவில்லை. வாசலில் நின்றபடியே நேராகக் கிழக்குச் சுவரைப் பார்த்தார். சுவரை ஒட்டித் தனியாக ஒரு கல் நின்றுகொண்டிருந்தது. பாசி இல்லை. முன்னால் புதிதாக நட்ட செடிகள்.

"இருக்கே மாமா!" என்றான் டெட்லெஃப். "போர்ல செத்தவங்களுக்குத் தவணையே கிடையாது. சட்டம் அப்படி. என்னிக்கும் எடுக்கமாட்டாங்க."

"இருக்காதுன்னுதானே வந்தேன்," என்று எவால்ட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ரோஸ்விதா கிட்டே போய்ப் படித்தாள். ஆல்வின் ஹெய்லிங். 1928–1945. அதற்குக் கீழே: வீட்டுக்குப் போக நினைத்ததற்காக இந்தச் சுவரில் சுட்டுக் கொல்லப்பட்டான். மறுபடியும் படித்தாள். விமானம் இல்லை, வயல் இல்லை, முதுகில் சுமந்த கதையும் இல்லை.

"ஆல்வினைப் பாக்கவா வந்திருக்கீங்க?"

பக்கத்துக் கல்லறைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஓர் அறுபது வயதுப் பெண்மணி பூவாளியோடு வந்தாள். ஹில்டெகுண்ட் என்று பேர் சொன்னாள். இந்தச் செடிகளை நட்டவளும் அவள்தான்.

"எங்க வீட்டுக் கொட்டாய்லதான் நாலு பசங்களைத் தங்க வெச்சிருந்தாங்க. எனக்குப் பத்து வயசு. போர்தான் முடியப் போகுதேன்னு இவன் எங்க வைக்கோல் பரண்ல ஒளிஞ்சுக்கிட்டான். அது ஒருத்தனுக்குத்தான் தெரியும், அவன் உயிர் சிநேகிதன் எவால்டுக்கு. அவனே போய் அதிகாரிகிட்ட சொல்லிட்டான். அப்புறம் மூணு பசங்க கையிலயும் துப்பாக்கியைக் குடுத்து இவனைச் சுடச் சொன்னாங்க. எவால்டும்தான் சுட்டான்."

டெட்லெஃப் மாமனாரைப் பார்த்துவிட்டு, பேயறைந்தவன் போலத் தரையைப் பார்த்தான்.

"இவன் அம்மா வருஷா வருஷம் வரும். அந்த எவால்டைத் தேடாத இடமில்ல. சண்டை போட இல்ல. கடைசியா என் புள்ள என்ன சொன்னான்னு அவனுக்குத்தான் தெரியும், அதை மட்டும் கேக்கணும்னு சொல்லும். சாகும்போது அந்த வேலையை என்கிட்ட விட்டுட்டுப் போச்சு." அவள் எவால்டின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படிங்க இவனைப் பழக்கம்? உங்க பேரு?"

ரோஸ்விதா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லுங்கள் அப்பா, ஒரே ஒரு வார்த்தை.

"வில்லிபால்ட்," என்றார் எவால்ட். "எங்கண்ணன் இவன்கூடப் படிச்சான்."

அந்தப் பெண்மணிக்கு அது போதவில்லை. அவள் ரோஸ்விதா பக்கம் திரும்பினாள்.

"உங்கப்பாவாம்மா? வில்லிபால்டா?"

"ஆமாம்," என்றாள் ரோஸ்விதா. யோசிக்காமலே வந்துவிட்டது.

ஹில்டெகுண்ட் பூங்கொத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கல்லின் முன்னால் வைத்தாள்.

"நல்ல மனுஷங்க, இவ்ளோ தூரம் வந்தீங்களே. அந்த எவால்ட் எங்கயாவது கண்ல பட்டா சொல்லுங்க, நான் இன்னும் கேக்கறதுக்கு இருக்கேன்னு."

"சொல்றோம்," என்றாள் ரோஸ்விதா.