கேக்கிலிருந்து கையை எடுங்க, நோரீன்!

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மாமியார் நோரீன் வீட்டில் உட்கார இடம் கிடைக்காது. டிவியில் கேக் போட்டி. தெருவே ஆளுக்கொரு தட்டோடு வந்துவிடும். நான் லோரெட்டா, அமெரிக்காவில் ஒஹாயோக்காரி. நோரீனின் மகன் டங்கனைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்தில் இந்த யார்க்ஷயருக்கு வந்து சேர்ந்தவள். அதனால் அவர்கள் போட்டியைப் பார்ப்பதைவிட என்னை வம்புக்கு இழுப்பதுதான் அதிகம்.

"உங்க ஊர்ல பிஸ்கட் மேல கொழம்ப ஊத்தித் திம்பீங்களாமே, நெசமா?" என்று ஆரம்பிப்பார் பக்கத்து வீட்டு டெரிக்.

"அது பன் மாதிரி மெத்துனு இருக்கும். நீங்க பிஸ்கட்னு கடிக்கிற வறட்டியத்தான் நாங்க குக்கீன்னு சொல்லுவோம்."

"அப்போ கத்தரிக்காய்க்குள்ள முட்டை எங்கேர்ந்து வந்துச்சு? உங்க ஊர்ல அதுக்குப் பேரு எக்பிளான்ட்டாம்!"

"நீங்க பேசாதீங்க டெரிக். ஐஸ்கிரீமும் புட்டிங், ரத்தத்துல செஞ்ச சாசேஜும் புட்டிங். உங்க ஊர்ல எதுதான் புட்டிங் இல்ல?"

எல்லாரும் சிரிப்பார்கள். நோரீனும் சிரிப்பார். ஆனால் "இன்னும் கொஞ்சம் டீ எடுத்துக்கிறியா, கண்ணு?" என்று என்னிடம் கேட்பாரே, அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்காது. டங்கனை அப்படிக் கேட்கமாட்டார், 'போய் ஊத்திக்கோடா' என்பார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் நான் அந்த வீட்டில் விருந்தாளி. மனசு வலிக்கத்தான் செய்தது.

ஒரு வாரம் வீம்புக்கு எங்கள் ஊர் கேக் போட்டி ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அதில் ஒருத்தி அடுத்தவனின் வெண்ணெயை ஒளித்து வைத்துவிட்டு, "நான் சிநேகம் பிடிக்க வரல, ஜெயிக்க வந்தேன்" என்று கேமராவைப் பார்த்து முறைத்தாள். நான் மட்டும் கைதட்டினேன்.

"இது சமையலா, குத்துச்சண்டையா?" என்றார் நோரீன்.

ஜூலையில் ஊர்த் திருவிழா வந்தது. டிவியில் வருவதுபோலவே கூடாரம் போட்டு, எல்லார் கண்முன்னாலும் கேக் செய்யவேண்டும். கோப்பை வருஷா வருஷம் நோரீனுக்குத்தான். அவரைத் தோற்கடித்தால்தான் என்னையும் ஒரு ஆளாக மதிப்பார் என்று முடிவுகட்டி நானும் பெயர் கொடுத்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குப் பார்த்து வெயில் கொளுத்தியது. என்னுடையது மூன்றடுக்கு சிவப்பு கேக். நோரீன் பக்கத்து மேசையில் தன் ஸ்பாஞ்ச் கேக்குக்கு மெஷினில் க்ரீம் அடித்துக்கொண்டிருந்தார். முடிக்கச் சில நிமிடங்களே இருந்தபோது என் கேக்கின் மேலடுக்கு மெல்ல வழுக்க ஆரம்பித்தது. நான் திகைத்து நிற்கும்போதே இரண்டு கைகள் குறுக்கே வந்து கேக்கைப் பிடித்தன. நோரீன்!

எனக்கு அந்த வெண்ணெய்க்காரி ஞாபகம்தான் வந்தது. "கேக்குலேர்ந்து கைய எடுங்க, நோரீன்!" என்று கத்தி, கையிலிருந்த மரக்கரண்டியால் அவர் மணிக்கட்டில் ஒன்று போட்டேன். கூடாரமே திரும்பிப் பார்த்தது.

அவர் கையை எடுக்கவில்லை.

"அடிக்கிறத அப்புறம் அடி. மொதல்ல மேசைல கெடக்குற அந்த மரக்குச்சிய எடுத்து மூணு அடுக்குக்கும் நடுவுல சொருகு. நிக்கிறா பாரு மரம் மாதிரி!"

சொருகினேன். கேக் நின்றது. அதற்குள் அவர் மெஷின் ஓடி ஓடி, க்ரீம் திரிந்து வெண்ணெயாகிவிட்டிருந்தது. மணி அடித்தது. அவர் கேக் மொட்டையாக மேசையில் இருந்தது.

கோப்பை எனக்கு. கை தட்டினார்கள். எனக்கோ பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்று இருந்தது. அவர் மணிக்கட்டு சிவந்திருந்ததைப் பார்த்து அழுதேவிட்டேன். கோப்பையை அவர் முன்னால் நீட்டினேன்.

"இது உங்களோடது நோரீன். என்னைக் காப்பாத்தப் போய்தானே..."

"எனக்கெதுக்கு ஓசிக் கோப்பை? அடுத்த வருஷம் உன்னத் தோக்கடிச்சு வாங்கிக்கறேன்." கழற்றிய ஏப்ரனைச் சுருட்டி என் மேல் எறிந்தார். "மூக்கச் சிந்திட்டு வாடி. இவ்ளோ பாத்திரத்தையும் நான் ஒருத்தியேவா கழுவுவேன்?"